தேக்குக் கதவின் உள்பக்கம்

எங்கள் அம்மா மும்பை செம்பூரில் ஒரு பங்களாவின் முன்வாசலை இருபது வருஷத்துக்கு மேல் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டாள். அந்த வாசல் வழியாக ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. கோலத்தை முடித்துவிட்டு, வாளியையும் விளக்குமாறையும் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போவாள். குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு அடுக்களைக் கதவு வழியாகத்தான் நுழைவாள். இதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வீட்டை மியூசியமாக்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

வீட்டுக்காரர் ராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். யுத்தத்தில் பேர் வாங்கி, ஓய்வு பெற்று, அரசியலுக்கு வந்து, தேர்தலில் ஜெயித்து, டெல்லியில் கொஞ்ச காலம் மந்திரியாகவும் இருந்தார். மந்திரியான பிறகும் எங்களுக்கெல்லாம் அவர் ஜெனரல் ஐயாதான். தமிழ்க் குடும்பம். அதனால் காலையில் வாசலில் கோலம் இருந்தே ஆகவேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவுக்குப் பிடிவாதம். பிடிவாதம் அவருடையது, ஒடிந்த இடுப்பு எங்கள் அம்மாவுடையது. தாராவியிலிருந்து நடந்து சயனுக்கு வந்து, பஸ் பிடித்துப் போய், வெயில் ஏறுவதற்குள் தெளித்துப் புள்ளி வைத்து இழுத்து முடிப்பாள். கதவில் வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவற்றைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அவள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஹால். ஹாலைப் பெருக்குவது ஆர்டர்லியின் வேலை. தாராவியிலிருந்து வருகிற எங்கள் ஆட்களுக்கு அடுக்களையும் கொல்லையும் போதும். இப்படி ஒரு சட்டத்தை அந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் ஐரோலியில் ஒரு ஐ.டி. ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் நிற்கும். என் கீழே வேலை செய்கிற பெண்களைக் கேட்டால் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. பங்களாவுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். படியில் வரிசையாகப் பெரிய மனிதர்கள், கழுத்தில் மாலை, நடுவில் ரிப்பன். ஜெனரல் வாழ்ந்த இல்லம் இனிப் பொதுமக்கள் பார்வைக்கு என்று கீழே போட்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் காட்டினேன். அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"டிக்கெட் எடுத்தா யாரு வேணும்னாலும் போலாமா?"

"போலாம்."

"நானுமா?"

"நீதாம்மா மொதல்ல போணும். உன்னை விட்டா அந்த வீட்டைப் பத்தி யாருக்குத் தெரியும்?"

"அடுக்களையும் கொல்லையும்தான்ட்டி எனக்குத் தெரியும்," என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த துண்டை அப்படியே மடியில் வைத்தாள். "அப்பம் முன்வாசல் வழியா போலாம்லா?"

போலாம், போகாமல் என்ன என்றேன்.

அப்போதுதான் ஜெனரல் இறந்த நாளைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்குத் தேக்குக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்ததாம். ஹாலில் கொடி போர்த்திக் கிடத்தியிருக்கிறார்கள். மந்திரிகள் போகிறார்கள், பட்டாளத்துக்காரர்கள் போகிறார்கள், ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர்கள் போகிறார்கள், முன்னே பின்னே தெரியாத கூட்டமும் போகிறது. அம்மா அடுக்களையில் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிடலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து முதல் படியில் கால் வைத்தாளாம். உள்ளேயிருந்து அந்த வீட்டு உறவுக்காரர் ஒருவர் கையை ஆட்டி, நீ பின்னால போ, டம்ளர் பத்தல என்றாராம். திரும்பி வந்து டம்ளர் கழுவியிருக்கிறாள். கடைசிவரைக்கும் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊரே போச்சுட்டி அன்னிக்கு. நான் ஒருத்திதான் போகல," என்றாள். "ஆப்பரேசனுக்கு முந்தி போயிருவோம். மூணு படி இருக்கு. என் சொந்தக் கால்ல ஏறணும்."

அவளுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குனிந்து குனிந்து கோலம் போட்ட கால். அவள் கேட்டது சொத்தில் பங்கா, பென்ஷனா? ஒரு வாசலில் நுழைய வேண்டும் என்கிறாள். இதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன மகள் என்று இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வெயில்ல புழுங்கும்மா என்றால், "ஏ, சும்மா வாட்டி, முன்வாசல்ல போறவ காட்டன்லயா போவா," என்று என்னையே ஒரு பார்வை பார்த்தாள். பஸ் வேண்டாம் என்று ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். டிரைவரிடம் அவள் ஹிந்தியில், நான் ஜெனரல் வீட்டுக்குப் போகிறேன் என்று தானாகவே சொன்னாள். அவன் சரி சரி என்று தலையாட்டினான்.

கேட்டைத் தாண்டியதும் வீடு எதிரே நின்றது. படிகளைப் பாலிஷ் போட்டிருந்தார்கள். மேல்படியில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலம் ஒன்று ஒட்டியிருந்தது. படியின் குறுக்கே இரண்டு பித்தளை ஸ்டாண்டு, நடுவில் சிவப்புக் கயிறு. பக்கத்தில் அம்புக்குறி போட்ட ஒரு பலகை. பார்வையாளர்கள் நுழைவு என்று மராத்தியிலும் இங்கிலீஷிலும் எழுதி, அம்பு வீட்டின் பக்கவாட்டில் போகிற சந்தைக் காட்டியது. அது குழாயடிக்குப் போகிற சந்து. அடுக்களைக் கதவுக்குப் போகிற சந்து.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அம்பு தெரியும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவளோ சிரித்தாள்.

"பாத்தியாட்டி. இப்பம் எல்லாரையும் பின்வாசல் வழியாத்தான் விடுதாவ. இம்புட்டு வருசம் கழிச்சு அவுகளுக்குப் புத்தி வந்திருக்கு."

"நீ வா, திரும்பிப் போவம். இந்த எழவெடுத்த மியூசியம் நமக்கு வேண்டாம்."

"ஏன் போணும்? டிக்கெட்டை எடு. உள்ள போயிப் பாப்போம்."

அடுக்களைதான் இப்போது டிக்கெட் கவுண்டர். அம்மா இட்லிக்கு ஆட்டிய உரல் இருந்த மூலையில் கண்ணாடி அலமாரி வைத்து, ஜெனரலின் மீசையை அச்சடித்த காபி மக் விற்கிறார்கள். எங்களுக்கு முன்னால் கொஞ்சம் பேர் வரிசையில் நின்றார்கள். அம்மா அலமாரியைப் பார்த்தாள், மேலே புகைபோக்கியைப் பார்த்தாள். ஹிந்தி பேசுகிற ஒரு சின்னப் பெண் கழுத்தில் அட்டையோடு வந்து, நான்தான் கைடு என்று எங்களை அழைத்துக்கொண்டு போனாள். நல்ல பெண். அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு அவளும் மெதுவாக நடந்தாள்.

ஜெனரல் படித்த அறை, உடுத்திய யூனிஃபார்ம், மெடல்கள், வாள், மந்திரியாக இருந்தபோது கையெழுத்துப் போட்ட பேனா. ஒரு சுவர் முழுக்க வரைபடம். ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து, குண்டுகளுக்கு நடுவே எதிரியின் எல்லைக்குள் அவர் படையை எப்படிக் கொண்டுபோனார் என்று அம்பு அம்பாகப் போட்டிருந்தது. எனக்கு அந்த மனிதரின் மேல் பகை ஒன்றும் இல்லை. லீவு நாளில் நான் அம்மாவோடு போனால், கொல்லைப் பக்கம் வந்து என்ன படிக்கிறாய் என்று கேட்பார், பிஸ்கட் கொடுக்கச் சொல்வார். தைரியசாலிதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வரைபடத்தின் முன்னால் நின்றபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு நாட்டு எல்லையைத் தாண்டத் தெரிந்தவருக்கு, ஏம்மா நீ இப்படியே உள்ள வந்துட்டுப் போ என்று ஒரு காலையில் சொல்லத் தோன்றவில்லையே. அதற்குக் குண்டடியா பட்டுவிடப்போகிறது?

கடைசியில் ஹாலுக்கு வந்தோம். அம்மா முதல்முறையாக அந்த ஹாலைப் பார்த்தாள். சோபா, பெரிய கண்ணாடி, புலித்தோல் எதையும் அவள் கவனிக்கவில்லை. நேரே கதவைப் பார்த்தாள். சாத்தித் தாழ் போட்டிருந்தது. உள்பக்கம் ஒரு பித்தளைக் குமிழ் கிடையாது, ஒரு செதுக்கல் கிடையாது. வெறும் பலகை. தாழ்ப்பாள் பக்கம் கைபட்டுக் கறுத்திருந்தது.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையா?" என்றாள். "நான் என்னவோன்னு நெனச்சேன். வெளிய நிக்கவனுக்குத்தான் அம்புட்டுப் பவுசும் போலுக்கு."

பிறகு கைடுப் பெண்ணிடம், இந்தக் கதவைக் கொஞ்சம் திறம்மா, நான் வெளியே போய் இது வழியாக ஒரு தடவை உள்ளே வந்துவிடுகிறேன் என்று ஹிந்தியில் கேட்டாள். சும்மா, தண்ணீர் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அந்தப் பெண் சங்கடப்பட்டாள். முன்கதவை முக்கிய விருந்தினர் வந்தால் மட்டும்தான் திறப்போம், பழைய கதவு, அனுமதி இல்லை என்றாள். அம்மா இங்கே வேலை செய்தவள் என்று நான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோய், அப்படியா, பேட்டி எடுக்கலாமே, எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாமே என்றாள். பேட்டி வேண்டாம், கதவைத் திற என்றேன். என் குரல் ஏறிவிட்டது. அவள் பயந்துபோய் மேனேஜருக்குப் போன் பண்ணினாள்.

வந்தவர் தமிழர். மாட்டுங்கா ஐயர்வீட்டுப் பேச்சு. கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் சாவிக்கொத்து.

"என்னம்மா ப்ராப்ளம்?"

அம்மா சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்க இங்க வேலை பாத்தேள்னா ரொம்ப சந்தோஷம்மா. ஆனா ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கோல்லியோ. எல்லாருக்கும் ஒரே என்ட்ரிதான். யாரா இருந்தாலும் பின்னாலதான் வரணும்."

"அன்னிக்கு மாலையும் கழுத்துமா படியில நின்னு போட்டோ எடுத்தாங்களே, அவங்க எல்லாம் பின்னாலதான் வந்தாங்களா?" என்றேன்.

"அது இனாகுரேஷன். அதுவும் இதுவும் ஒண்ணாகுமா? சும்மா காலி பீலி எதுக்கு லஃப்டா, தகராறு பண்றேள்? வயசானவாளைக் கூட்டிண்டு வந்திருக்கேள், சித்த உக்காந்து ஜூஸ் சாப்பிட்டுக் கெளம்புங்கோ."

ஜூஸாம். என் நாக்கு நுனி வரைக்கும் வந்த வார்த்தையை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா கதவுக்குப் போய்விட்டாள். கதவுக்கு உள்பக்கமும் ஒரு கயிறு கட்டியிருந்தது; அதன் கொக்கியைக் கழற்றி, பதமாக ஸ்டாண்டில் மாட்டினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அம்மா, அதைத் தொடப்படாது," என்று மேனேஜர் ஓடிவந்தார்.

"நான் தொடாத கதவா தம்பி?"

"போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். சொல்லிட்டேன்."

அம்மா திரும்பி அவரை நிதானமாகப் பார்த்தாள். "கூப்பிடு. அவுகளை எந்த வாசல் வழியா விடுவ?"

மேனேஜர் சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கைடுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்து என்னமோ புரிந்துகொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா தாழ்ப்பாளை இழுத்தாள். அது வரவில்லை. மேலும் கீழும் ஆட்டி, தோளைக் கொடுத்து இழுத்தாள். படக்கென்று விட்டது. ஒரு கதவு திறந்து வெயில் ஹாலுக்குள் விழுந்தது.

அவள் வெளியே போய்ப் படி இறங்க ஆரம்பித்தாள். மேனேஜருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அவள் இறங்கியதும் கதவைச் சாத்திவிடலாம் என்று அவர் எட்டு வைத்ததை நான் பார்த்துவிட்டேன். போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். ஐரோலியில் நாள் முழுக்க ஆள் நிறுத்தி வேலை வாங்குகிறவள் நான். என்னை நகர்த்த வேண்டுமானால் தொட்டுத்தான் நகர்த்த வேண்டும், அதற்கு அவருக்குத் துணிச்சல் இல்லை.

"நகருங்கோ," என்றார்.

"முடியாது."

"இது சரியில்ல."

"ஆமா, சரியில்லதான். ரொம்ப நாளா சரியில்ல."

அம்மா படியின் குறுக்கே இருந்த கயிற்றையும் கழற்றிவிட்டுக் கீழே தரையில் நின்றாள். திரும்பினாள். முதல் படியில் ஏறினாள். கால் நடுங்கியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் நான் நகர்ந்தால் கதவு சாத்திவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விழுந்துவிடாதே, அம்மா, விழுந்துவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் படியில் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பட்டுச் சேலையின் முதுகெல்லாம் வேர்த்திருக்க வேண்டும். முகத்தில் வலி அப்பட்டமாகத் தெரிந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. மூன்றாவதும் ஏறிவிட்டாள். நிலைப்படிக்கு வந்தாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

"வாம்மா," என்றேன். "வா, உள்ள வா."

அவள் தலையை ஆட்டினாள். "நீ யாருட்டி இந்த வீட்டுல? நீயும் வந்தவதான். வீட்டாளு கூப்பிடட்டும்."

எனக்கு ஒரு நிமிஷம் எரிச்சல்கூட வந்தது, இந்த நேரத்தில் இது என்ன என்று. பிறகு உறைத்தது. எங்கள் ஆட்களில் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும், உள்ளேயிருந்து யாராவது வாங்க என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் உள்ளே போவோம். சொல்லாத வீட்டில் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டோம். சண்டைக்காரன் வீட்டுக்குச் சாவு சொல்லப் போனாலும் இதுதான். அவள் திருட்டுத்தனமாகத் தாண்டி ஓடிவரவா இவ்வளவு தூரம் வந்தாள்? ஒரு விருந்தாளி நிற்கிற மாதிரி, முந்தானையைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டு, மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் அசையவில்லை. அவரும் தமிழர்தானே, அம்மா எதற்காக நிற்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. தெரிந்தும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கூப்பிடமாட்டேன் என்று அவரும், நகரமாட்டேன் என்று இவளும்.

இதற்குள் சத்தம் கேட்டுப் பின்பக்கம் டிக்கெட்டுக்கு நின்றவர்கள் சந்து வழியாக முன்னால் வந்துவிட்டார்கள். ஒரு மராத்திக் குடும்பம், இரண்டு காலேஜ் பெண்கள், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர். முன்கதவு திறந்து கிடக்கிறது, பட்டுச் சேலை கட்டிய ஒரு கிழவி வாசலில் நிற்கிறாள், ஏதோ விசேஷம் என்று நினைத்தார்கள் போல. காலேஜ் பெண் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். பெரியவர், இந்தப் பக்கம் வரிசையே இல்லையே, இப்படியே போகலாமா என்று மராத்தியில் பக்கத்தில் நின்றவரைக் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. அது மேனேஜருக்கும் விழுந்தது. போனையும் கூட்டத்தையும் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. எல்லோரும் ஏறி வருவதற்குள் எப்படியாவது கதவை அடைத்தாக வேண்டும். கதவை அடைக்க வேண்டுமானால் அம்மா நிலைப்படியை விட்டு நகர வேண்டும்.

"உள்ள வாங்கோ," என்றார். அவசரத்தில் அவர் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. "உள்ள வாங்கோம்மா, மொதல்ல நீங்க உள்ள வாங்கோ, கதவைச் சாத்தணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். "கேட்டியாட்டி? கூப்பிட்டுட்டாரு."

வலது காலை எடுத்து நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்தாள். பிறகு இடது கால். ஹாலுக்கு நடுவில் வந்து நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் கதவை விடவில்லை. மேனேஜர் கதவைப் பிடிக்கக் கை நீட்டினார். அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பி, கீழே தயங்கி நின்ற கூட்டத்தைக் கையாட்டி அழைத்தாள்.

"ஆவோ, ஆவோ. எல்லாரும் வாங்க," என்றாள். "இதான் வாசல்."

கைத்தடிப் பெரியவர்தான் முதலில் படியில் கால் வைத்தார்.